பழப்பெட்டியில் வந்த சிலந்தியைச் சோலையில் கொண்டுபோய் விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் குன்னூரில் பழக்கடை வைத்திருப்பவன். உள்ளூர் பிளம்ஸ், பேரிக்காய், பட்டர் ஃப்ரூட், பர்லியார் மங்குஸ்தான் என்று சீசனுக்குத் தகுந்த மாதிரி விற்பேன், கூடவே கோயம்புத்தூர் மண்டியிலிருந்து வரும் வெளிநாட்டு ஆப்பிள், திராட்சை, கிவியும் உண்டு. கொஞ்ச நாளாக ஒரு வீடியோ எல்லார் போனிலும் சுற்றுகிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். வாழைத்தாருக்குள்ளிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி வெளியே வருகிறது, முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, பின்னணியில் ஒருவர் கடித்தால் ரெண்டு மணி நேரத்தில் ஆள் காலி என்கிறார். அதைப் பார்த்துவிட்டு, சீப்பை உதறிக் காட்டினால்தான் வாங்குவேன் என்று நிற்கும் வாடிக்கையாளர்கள் வந்துவிட்டார்கள். ஒரு அம்மா பூவன் பழத்தைக் குச்சியால் தட்டிப் பார்த்து வாங்கினார். சரி, வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம். ஆனால் இந்தப் பயத்தில் பாதி வெறும் புரளி, மீதிப் பாதியில் விஷயம் இருக்கிறது, அந்தப் பாதியைத்தான் யாரும் பேசுவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் புரளி. வீடியோவில் காலைத் தூக்கிக்கொண்டு நிற்பது பிரேசிலின் அலையும் சிலந்தி. அது வலை பின்னி உட்கார்ந்திருக்கிற வகை இல்லை, ராத்திரியில் தரையில் அலைந்து இரை பிடிக்கும், பகலில் ஏதாவது இடுக்கில் ஒண்டிக்கொள்ளும். தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவின் சில பகுதிகளிலும் வாழைத்தார் அதற்கு வசதியான இடுக்கு, அவ்வளவுதான். விஷம் கடுமையானது என்பது உண்மை. ஆனால் பிரேசிலிலேயே கடிபட்டவர்களில் பெரும்பாலோருக்கு வலியும் வியர்வையுமாகப் போய்விடுகிறது, குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். அங்கே புட்டான்டன் நிறுவனம் அதற்கு விஷமுறிவு மருந்தே தயாரிக்கிறது. இதில் நமக்கு என்ன வந்தது? உலகத்திலேயே அதிகமாக வாழை விளைவிக்கிற நாடு இந்தியா. தேனி, திருச்சி, ஈரோடு, தூத்துக்குடி, மேட்டுப்பாளையம் சுற்றுவட்டாரம், இப்படித்தான் நமக்குத் தார் வருகிறது. பிரேசிலிலிருந்து வாழைப்பழம் வாங்கித் தின்கிற நிலைமை நமக்கு இல்லை. பழமே வராத ஊரிலிருந்து சிலந்தி மட்டும் எப்படி வரும்?

அப்படியானால் நம் தாரில் ஓடுகிற பெரிய சிலந்தி எது? அநேகமாக ஹன்ட்ஸ்மேன் என்று சொல்கிற வகை. பழைய வீடுகளில் ராத்திரி விளக்கைப் போட்டால் சுவரில் தட்டையாக, நண்டு மாதிரி காலை விரித்துக்கொண்டு, பழுப்பு நிறத்தில் ஒட்டியிருக்குமே, அதேதான். கரப்பான்பூச்சியைப் பிடித்துத் தின்னும். பெண் சிலந்தி வெள்ளையாகத் தட்டையாக ஒரு முட்டைப்பையை வயிற்றுக்கு அடியில் அணைத்துக்கொண்டே திரியும், பார்க்கிறவர்களுக்கு அதுவே பாதி பயம். இது ஆசியாவிலிருந்து கிளம்பிக் கப்பல் சரக்கோடு உலகத்தின் வெப்ப நாடுகள் எல்லாவற்றுக்கும் போய்க் குடியேறிவிட்டது என்கிறார்கள், அதாவது இந்தக் கதையில் நாம் இறக்குமதி செய்தவர்கள் இல்லை, ஏற்றுமதி செய்தவர்கள். வட அமெரிக்காவில் வாழைப்பழத்திலும் மற்ற சரக்கிலும் வந்து அறிஞர்களிடம் பெயர் கேட்டு அனுப்பப்பட்ட 135 சிலந்திகளைப் பற்றி 2014ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. அதிலும் பெரும்பாலானவை ஆளை ஒன்றும் செய்யாத வகைகள்தான், இந்த ஹன்ட்ஸ்மேன் அதில் முக்கியமான ஒன்று. பிரேசில் சிலந்தி சொற்பம். படித்த நிபுணர்களே சில சமயம் ஒன்றை இன்னொன்று என்று மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள் என்றால், செல்போனில் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிற நம்மைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அதனால் நம் ஊர் வாழைத்தாரில் வந்த சிலந்தியை அட்டையில் ஏற்றிக் கொல்லைப்புறத்தில் விட்டுவிடுங்கள், போய்ப் பிழைத்துக்கொள்ளும். எட்டுக்கால் பூச்சி மேலே ஊர்ந்து போனாலே கொப்புளம் வரும், அதன் மூத்திரம் பட்டால் அக்கி வரும் என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். அக்கி வருவது அம்மை போட்ட கிருமி உடம்பிலேயே தங்கியிருந்து பிறகு கிளம்புவதால். மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வருகிற ஒரு சின்ன வண்டை நசுக்கிவிட்டால் தோல் வெந்த மாதிரி கோடு போடும், அந்தப் பழியும் சிலந்தி மேல்தான் விழுகிறது. பாவம்.

இனி மீதிப் பாதி. வெளிநாட்டு அட்டைப்பெட்டி.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா திராட்சைத் தோட்டங்களில் பிளாக் விடோ என்கிற கறுப்பு விதவைச் சிலந்தி சாதாரணமாக வாழ்கிறது. பளபளவென்று கறுப்பு, உருண்டை வயிறு, வயிற்றின் அடியில் சிவப்பாக உடுக்கை மாதிரி ஒரு குறி. பூச்சிமருந்தைக் குறைத்து விவசாயம் செய்யும் தோட்டங்களில் சிலந்தி அதிகமாகத் தங்கும், அது தோட்டத்துக்கு நல்லதும்கூட, பூச்சியை அது தின்றுவிடுகிறதே. ஆனால் குலையை வெட்டிப் பெட்டியில் வைக்கும்போது அதுவும் சேர்ந்து வந்துவிடுகிறது. இங்கிலாந்து, கனடா என்று பல நாடுகளில் கடையில் வாங்கி வந்த திராட்சைக்குள் உயிரோடு கிடைத்திருக்கிறது. நியூசிலாந்துக்காரர்கள் 2000களின் தொடக்கத்தில் இதற்காகவே கலிஃபோர்னியா திராட்சை வரத்தைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்திருந்தார்கள். குளிர்பெட்டியில் வாரக்கணக்கில் வந்தும் எப்படிச் சாகாமல் இருக்கிறது என்று என் கடைப் பையன் கேட்டான். குளிரில் சிலந்தி சுருண்டு அசையாமல் கிடக்கும், உடம்பின் சக்திச் செலவு குறைந்துவிடும், சாப்பாடு இல்லாமல் நாள் கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தாங்கும். பெட்டியைத் திறந்து கடை வெளிச்சமும் சூடும் பட்டதும் காலை நீட்டும்.

துறைமுகத்தில் சோதனை இல்லையா என்றால், இருக்கிறது. 2003ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி வெளிநாட்டுப் பழத்துக்கு அந்த நாட்டின் சான்றிதழ் வேண்டும், இங்கே அதிகாரிகளும் பார்த்துத்தான் விடுகிறார்கள். ஆனால் அவர்கள் முக்கியமாகத் தேடுவது பயிரைக் கெடுக்கும் பூச்சி, புழு, பூஞ்சை. சிலந்தி பயிரைத் தின்பதில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை, ஆயிரக்கணக்கான பெட்டியில் ஒரு பெட்டியின் மூலையில் சுருண்டு கிடப்பதை யார் கண்டுபிடிப்பது? கடைசியில் கட்டரால் டேப்பைக் கிழித்துப் பெட்டியைத் திறக்கிற கடைப் பையன்தான் முதல் ஆளாக அதைப் பார்க்கிறான்.

எங்கள் வரிசையிலேயே ஒரு கடையில் போன சீசனில் இப்படி ஆனது. வெளிநாட்டுத் திராட்சைப் பெட்டியைத் திறந்தபோது ஒரு சிலந்தி வெளியே ஓடி வந்து எடைமேடைக்கு அடியில் நுழைந்துகொண்டது. உடனே கூட்டம். கூட்டம் சேர்ந்தால் மூன்று கட்சி சேரும் என்பது நம் ஊர் வழக்கம். ஒரு கட்சி ஹிட் கொண்டு வா, அடித்துத் தீர்த்துவிடலாம் என்றது. இன்னொரு கட்சி, பெரும்பாலும் வயதானவர்கள், பாவம்யா, ஒரு டப்பாவில் பிடித்துக் கொண்டுபோய் சிம்ஸ் பூங்காவிலோ பக்கத்துச் சோலையிலோ விட்டுடலாம் என்றது. மூன்றாவது கட்சி ஒரே ஆள், கல்லூரியில் படிக்கிற பையன், அண்ணா என்கிட்ட கொடுங்க, நான் கண்ணாடித் தொட்டியில வச்சு வளர்க்கிறேன் என்று நின்றான். கடைசியில் அவன்தான் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து அடியில் விசிட்டிங் கார்டைச் செருகி அழகாகப் பிடித்தான், அதற்கு அவனைப் பாராட்ட வேண்டும். போட்டோவைத் தன் கல்லூரி விலங்கியல் ஆசிரியருக்கு அனுப்பினான். பதில் வந்தது: ஹன்ட்ஸ்மேன். வெளிநாட்டிலிருந்து வந்ததாகவே இருக்காது, கீழே மண்டி கிடங்கில் பெட்டி ரெண்டு நாள் கிடந்தபோது ஏறியிருக்கும் என்றார் அவர். வெளிநாட்டுப் பெட்டிக்குள் உள்நாட்டுச் சிலந்தி. நல்லவேளை என்று எல்லாரும் கலைந்துவிட்டார்கள். ஆனால் நான் யோசித்தது வேறு. அது ஹன்ட்ஸ்மேனாக இல்லாமல் பிளாக் விடோவாக இருந்து, அந்த ரெண்டாவது கட்சி ஜெயித்திருந்தால்?

இதைத்தான் உங்கள் பத்திரிகை வழியாக மலை மக்களுக்குச் சொல்ல நினைக்கிறேன். அடிக்கிறவர்களால் ஒரு உயிர் போகும், வளர்க்கிறவனால் அவனுக்கும் அவன் வீட்டுக்கும் ஆபத்து, ஆனால் இரக்கப்பட்டுச் சோலையில் விடுகிறவர்களால் போவது இந்த மலை. இரக்கத்தை நான் கேலி செய்யவில்லை. சிலந்தி சிவனுக்குப் பந்தல் போட்ட திருவானைக்காவல் கதையைக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும், அடுத்த பிறவியில் அதுவே கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்று பாட்டி சொல்லியிருக்கிறார். ஆனால் அது காவிரிக்கரைச் சிலந்தி. கலிஃபோர்னியாவிலிருந்து வந்ததற்கு இங்கே இடம் கிடையாது.

சமவெளிக்காரர்கள் இதைச் சுலபமாக எடுத்துக்கொள்ளலாம், நாம் எடுத்துக்கொள்ள முடியாது. காரணம் நம் குளிர். ஆப்பிள், கிவி, பேரி, பிளம்ஸ் விளைகிற நாடுகள் பெரும்பாலும் குளிர் நாடுகள். அங்கே பழகிய ஒரு பூச்சியைச் சென்னை கோயம்பேட்டில் விட்டால் சித்திரை வெயிலிலேயே முடிந்துவிட வாய்ப்பு உண்டு. ஊட்டியில், கோத்தகிரியில், கொடைக்கானலில் விட்டால்? சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருக்கும். ஊட்டியை உருவாக்கிய கலெக்டர் சல்லிவன் துரை காலத்திலிருந்து வெள்ளைக்காரன் தன் ஊர் உருளைக்கிழங்கு, கேரட், கோஸ், பேரி எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்து வைத்ததே அவை இங்கே பிழைக்கும் என்பதால்தான். நாம் அதில்தான் சாப்பிடுகிறோம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கூடவே வந்த சீகை மரம், உண்ணிச்செடி, மஞ்சளாகப் பூத்துப் புல்வெளியை மூடுகிற முள்புதர், இவற்றை இன்றைக்குப் பிடுங்கிப் பிடுங்கி வனத்துறை களைத்துப் போயிருக்கிறது. ஒரு பக்கம் பிடுங்கினால் இன்னொரு பக்கம் விதை முளைக்கிறது.

கண்ணுக்குத் தெரிகிற மரத்துக்கே இந்தப் பாடு. கண்ணுக்குத் தெரியாதது வந்த கதை உருளை போட்ட குடும்பங்களுக்குத் தெரியும். உருளைக்கிழங்கு வேரில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக உருண்டை உருண்டையாக ஒட்டியிருக்குமே, அந்த முட்டைக்கூடு நூற்புழு, அது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச் சரக்கு. இந்தியாவில் முதன்முதலில் 1961ல் கண்டுபிடிக்கப்பட்டது நம் நீலகிரியில்தான். எந்த விதைக்கிழங்கோடு எந்த மண்ணோடு வந்ததோ. உறையோடு இருக்கும் முட்டை மண்ணில் வருஷக்கணக்கில், இருபது வருஷம்கூட, உயிரோடு காத்திருக்கும். அதன் பிறகு நீலகிரி விதைக்கிழங்கு வெளி மாநிலங்களுக்குப் போகக் கூடாது என்று தடை வந்தது. அப்புறம் அது பழனி மலையிலும் தென்பட்டது. பழனி மலைக்காரர்களுக்கு இன்னொரு காயமும் உண்டு. பஞ்சாமிர்தத்துக்குப் போகிற விருப்பாச்சி வாழை, சிறுமலை வாழை, கீழ்ப்பழனி மலைச்சரிவு முழுக்க ஒரு காலத்தில் அதுதான். முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழித்தது. அந்த நோய் இந்த மண்ணில் பிறந்ததில்லை, வெளியிலிருந்து வாழைக்கன்றோடு வந்தது, அசுவினிப் பூச்சி அதைப் பரப்பியது. இப்போது விருப்பாச்சிக்கும் சிறுமலைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது, பழைய தோட்டங்களில் பெரும்பகுதி இல்லை.

சிலந்திக்கும் இதே கதை நடந்திருக்கிறது, வேறு ஊர்களில். ஆஸ்திரேலியாவின் ரெட்பேக், அதுவும் பிளாக் விடோவின் பங்காளிதான், 1995ல் ஜப்பானின் ஒசாகா பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. சரக்கோடு வந்திருக்க வேண்டும். இன்றைக்கு ஜப்பானில் பல மாவட்டங்களில் சாக்கடை மூடிக்கு அடியில், பள்ளிக்கூடத்துச் சுவரோரத்தில் அது குடும்பம் நடத்துகிறது. பழுப்பு விதவைச் சிலந்தி கப்பலேறி உலகம் பூராவும் போய்விட்டது. ஒரே ஒரு சிலந்தியால் என்ன ஆகிவிடும் என்று கேட்பார்கள். பெட்டியில் வருகிற பெண் சிலந்தி கிளம்புவதற்கு முன்பே ஆணோடு சேர்ந்திருந்தால் போதும், அதன் பிறகு துணையே இல்லாமல் முட்டைப்பை மேல் முட்டைப்பையாகப் போட்டுக்கொண்டிருக்கும், ஒரு பையில் நூறு, இருநூறு என்று குஞ்சுகள். குஞ்சு நூலைக் காற்றில் விட்டுப் பறந்து போகும். நம் மலையில் காற்றுக்குப் பஞ்சமா? தேயிலைச் செடிக்கு அடியில், கேரட் மூட்டைக்கு நடுவில், லைன் வீட்டுக் கக்கூசின் மரப்பலகைக்கு அடியில் பிளாக் விடோ குடியேறினால் கடிபடப் போவது யார்? பங்களாக்காரர் இல்லை, கையை விட்டுக் கொழுந்து பறிக்கிற பெண்களும் ராத்திரியில் கேரட் பிடுங்கிக் கழுவி லோடு ஏற்றுகிற ஆட்களும்தான்.

வளர்ப்பது பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பையனைப் போல ஆர்வமுள்ள பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களைத் திட்டி அனுப்புவது எனக்குப் பிடிக்கவில்லை. சிலந்தி வளர்ப்பு ஒரு பெரிய பைத்தியமாகவே நம் ஊரிலும் வந்துவிட்டது. 2021 ஜூலையில் சென்னை விமான நிலையச் சுங்கத்துறை போலந்திலிருந்து வந்த ஒரு தபால் பார்சலைப் பிரித்தபோது உள்ளே சின்னச் சின்னக் குப்பிகளில் பஞ்சும் வெள்ளித்தாளும் சுற்றி 107 உயிருள்ள சிலந்திகள் இருந்தன. பார்சல் போக வேண்டிய முகவரி அருப்புக்கோட்டை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்து டாரன்டுலா வகைகள் என்று அடையாளம் சொன்னார்கள், அதில் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள இனமும் இருந்தது, இறக்குமதி உரிமமும் இல்லை. வந்த வழியே போலந்துக்குத் திருப்பி அனுப்ப முடிவானது. 2022ல் திருத்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அந்தப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரை வைத்திருப்பவர் பதிவு செய்தாக வேண்டும். இதில் ஒரு வேடிக்கை, பிளாக் விடோ அந்தப் பட்டியலில் இல்லை. அழிந்துபோகக் கூடாது என்பதற்கான பட்டியல் அது, அழியவே அழியாமல் பரவுகிற ஒன்று அதில் எப்படி வரும்? சட்டம் கேட்கவில்லை என்பதற்காக வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது.

ஏனென்றால் கடித்தால் கொடுக்க இங்கே விஷமுறிவு மருந்து இல்லை. ஆஸ்திரேலியாவில் ரெட்பேக் கடிக்கு 1956லிருந்தே விஷமுறிவு மருந்து உண்டு. நம் ஆஸ்பத்திரிகளில் இருப்பது நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலு பாம்புக்கானது, வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் விஷம் எடுத்துக் கொடுத்துத் தயாராவது. அதைச் சிலந்திக் கடிக்குப் போட்டால் பலன் இல்லை, ஒவ்வாமை வந்தால் வேறு வம்பு. பிளாக் விடோ கடித்து நல்ல ஆரோக்கியமான ஆள் சாவது அபூர்வம்தான், ஆனால் தசையெல்லாம் முறுக்கிப் பிடித்து, வயிறு பலகை மாதிரி இறுகி, வியர்த்துக் கொட்டி ஒரு நாள், ரெண்டு நாள் படுத்துகிற பாடு சாதாரணமில்லை. வீட்டில் சின்னக் குழந்தையோ பாட்டியோ இருந்தால் யோசித்துப் பாருங்கள். தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன், சிலந்தி மேல் ஆசை இருந்தால் நம் ஊர்ச் சிலந்தியே ஒரு ஆயுளுக்குப் போதும். ராமேஸ்வரம் தீவில் ஒரு கோயிலின் பெயரை வைத்து 2004ல் அறிவியலுக்கு அறிமுகமான மரச்சிலந்தி ஒன்று இருக்கிறது, அழிவின் விளிம்பில் இருப்பதாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். அந்தப் பேரினமே இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் உண்டு, வெளிநாட்டுக்காரன் அதைக் காசு கொடுத்து வாங்குகிறான் என்பதால் 2019ல் பன்னாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். பிடிக்காமல், விற்காமல், இருக்கிற இடத்தில் போய்ப் பார்த்துப் படம் எடுத்துப் படித்தால் அதுவே பெரிய காரியம்.

ஹிட் கட்சிக்கு ஒரு வார்த்தை. பழப்பெட்டிக்குள் மருந்து அடித்துவிட்டு அந்தப் பழத்தை விற்கிற கொடுமை நடக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். பெட்டிக்கு ஆயிரக்கணக்கில் காசு கொடுத்தவன் தூக்கிப் போட மனசு வராமல் துணியால் துடைத்து அடுக்கிவிடுகிறான். சிலந்தி ஒருவரைக் கடிக்குமோ கடிக்காதோ, இந்த விஷம் அத்தனை பேர் வயிற்றுக்கும் போகும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் அப்படித்தான்.

நாங்கள் இப்போது கடையில் செய்வதைச் சொல்கிறேன், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வெளிநாட்டுப் பெட்டியைக் கையுறை போட்டுத்தான் திறக்கிறோம், லோடு வரும் நாளில் ஒரு அகன்ற வாய் பாட்டிலும் கெட்டி அட்டையும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும். சிலந்தி தென்பட்டால் பாட்டிலைக் கவிழ்த்து அடியில் அட்டையைத் தள்ளி மூடி போட்டு டேப் ஒட்டிவிட வேண்டும். மேலிருந்து ஒரு போட்டோ, முகத்துக்கு நேராக ஒரு போட்டோ, வயிற்றின் அடிப்பக்கம் தெரிகிற மாதிரி ஒன்று, கண் வரிசையையும் வயிற்றுக் குறியையும் பார்த்துத்தான் இனம் சொல்வார்கள். அப்புறம் முக்கியமானது பெட்டியின் ஸ்டிக்கர். எந்த நாடு, எந்தத் தோட்டம், எந்த லாட் என்பதெல்லாம் அதில் இருக்கும், அதைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டுச் சிலந்தியை மட்டும் வைத்துக்கொண்டு பிரயோஜனம் இல்லை. மீதிப் பெட்டியில் பஞ்சு உருண்டை மாதிரி முட்டைப்பை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இருந்தால் அதுவும் பாட்டிலுக்குள். சிலந்தியைப் பெற்றுக்கொள்ள யாரும் வரவில்லை, உயிரோடு வைத்திருக்கப் பயமாக இருக்கிறது என்றால் பாட்டிலோடு ஃபிரீசரில் ரெண்டு நாள் வைத்துவிடுங்கள். அடித்து நசுக்குவதைவிட அதற்கும் சிரமம் குறைவு, உருவம் கெடாமல் இருப்பதால் பிறகு ஸ்பிரிட்டில் போட்டு அனுப்பினால் இனம் கண்டுபிடிக்கலாம். வெளிநாட்டுச் சிலந்தியாக இருந்தால் உயிரோடு வெளியே விடுவது என்ற பேச்சே வேண்டாம், கொல்ல மனசு வராதவர்கள் ஒப்படைக்கட்டும்.

ஒருவேளை கடித்தே விட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் ஐஸ் சுற்றி ஒத்தடம் வைத்து, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு. கயிறு கட்டுவது, பிளேடால் கீறி ரத்தம் எடுப்பது கூடாது. 2012ல் அசாமில் சதியா பக்கம் சிலந்திக் கடிப் பீதி கிளம்பியபோது, இறந்ததாகச் சொல்லப்பட்டவர்களுக்கு நாட்டு வைத்தியம் என்று கடிவாயைக் கீறியிருந்தார்கள், சிலந்தியால் செத்தார்களா பிளேடால் செத்தார்களா என்றே தெளிவாகவில்லை.

இப்போது ஒப்படைப்பது என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். யாரிடம்? அன்றைக்குச் சம்பவம் நடந்த கடைக்காரர் ஒரு அலுவலகத்துக்குப் போன் செய்தார், இது வனவிலங்கு இல்லையே, பழத்தில் வந்தது என்றால் விவசாயம் சம்பந்தப்பட்ட இடத்தில் கேளுங்கள் என்றார்கள். அங்கே கேட்டால் சிலந்தி பயிருக்கு நண்பன், பூச்சி இல்லை, எங்களுக்கு வராது என்றார்கள். ரெண்டு பேர் சொன்னதும் தப்பு இல்லை, அவரவர் விதி அப்படி. ஆனால் பாட்டில் கடைக்காரர் கையில்தான் இருக்கிறது. சிலந்தியை இனம் காணத் தெரிந்தவர்கள் நம் மாநிலத்தில் இல்லாமல் இல்லை. சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல நிலையம் இருக்கிறது, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சிகளுக்கென்று அருங்காட்சியகமே வைத்திருக்கிறார்கள், அதே பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருக்கின்றன. கடையிலிருந்து அவர்கள் வரைக்கும் பாட்டில் போக ஒரு வழி மட்டும்தான் இல்லை.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. மாவட்ட நிர்வாகம் நீலகிரிக்கு ஒரு இடம், கொடைக்கானலுக்கு ஒரு இடம் என்று சொல்லிவிட்டால் போதும், இந்த அலுவலகத்தில் இந்த மேசையில் பாட்டிலைக் கொடு, அவர்கள் கோவைக்கு அனுப்பிக்கொள்வார்கள் என்று. ஒரு போன் நம்பர். கொடுத்த கடைக்காரரிடம் லைசென்ஸ் எங்கே, பில் எங்கே என்று நோண்டக் கூடாது, நோண்டினால் அடுத்த முறை யாரும் கொடுக்க மாட்டார்கள், சாக்கடையில் தள்ளிவிட்டுப் போவார்கள், இதை வியாபாரியாகச் சொல்கிறேன். மண்டிக்காரர்களும் வெளிநாட்டுப் பெட்டியை உடைத்துச் சில்லறையாகக் கொடுக்கும்போது ஸ்டிக்கரின் போட்டோவையாவது பில்லோடு அனுப்ப வேண்டும். இலவச இணைப்பாக இன்னொன்று, பிளாஸ்டிக் இருக்கிறதா, இ-பாஸ் இருக்கிறதா என்று மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திப் பார்க்கிறார்களே, அங்கேயே பழ லோடு வண்டிக்காரரிடம் ஒரு துண்டு நோட்டீஸ் கொடுத்துவிடலாம், தனியாக ஆள் போட வேண்டியதில்லை.

மே மாதம் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி வைப்பார்கள். பழத்தால் டைனோசரும் கழுகும் செய்து வைக்கிற இடத்தில் பிளாக் விடோ எப்படி இருக்கும், ஹன்ட்ஸ்மேன் எப்படி இருக்கும் என்று ரெண்டு படமும் அந்த போன் நம்பரும் போட்ட ஒரு பலகைக்கு இடம் கிடைக்காதா? அச்சடிக்கிற செலவுதான் தடை என்றால் எங்கள் வியாபாரிகளிடம் நானே பேசி வசூல் செய்து தருகிறேன். நம்பரை மட்டும் அரசு கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு பழக்கடைக்காரர்,
குன்னூர், நீலகிரி.